அழித்த பாத்திகள்

பள்ளிக் கேட்டுக்கு வெளியே மட்டும் ‘அம்மிணி’ என்று நான் கூப்பிட்ட என் தங்கை சாந்தாமணிக்கு,

நம் பள்ளிக்குப் புதிய படிவம் ஒன்று வந்திருக்கிறது. வழவழப்பான தாள், மேலே வண்ணத்தில் ஒரு சூரியகாந்தி, அதன் கீழே ‘என் கற்றலை நானே அறிவேன்’ என்று தலைப்பு. தெரியும், உதவியுடன் தெரியும், இனிமேல்தான் தெரிய வேண்டும் என மூன்று கட்டங்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் படிப்பு எதுவரை வந்திருக்கிறது என்பதைத் தானே பார்த்துத் தானே குறிக்க வேண்டுமாம். உடன் வந்த சுற்றறிக்கையில் ‘புதுமை’ என்ற சொல் மூன்று இடங்களில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். எண்ணிப் பார்ப்பது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து, மூன்றாம் வகுப்பு வாசல்வரை போய்விட்டேன். உன்னிடம் காட்டத்தான். உள்ளே, உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “என்னங்க சார்?” என்றாள். “ஒன்றுமில்லை” என்று திரும்பிவிட்டேன். வேறென்ன சொல்வது?

இதை நான் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மனத்துக்குள் சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்கு நான் கொடுத்த மெமோவை ஊழியர் அறையில், ஆறு பேர் பார்க்கக் கொடுத்தேன். தண்டனையைப் பொதுவில் கொடுத்தவன் அதைப் பற்றிய உண்மையை மட்டும் தனிமையில் சொல்வது முறையாகாது. ஆகவே இதைப் பலரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். படிக்கட்டும்.

சென்ற ஆண்டு பள்ளி திறந்த இரண்டாவது வாரத்திலேயே நீ இதைத் தொடங்கியிருந்தாய். சூரியகாந்தி கிடையாது, வழவழப்பான தாளும் கிடையாது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு காடு வரைந்தது. கேரள எல்லைக்குள் இருந்தாலும் நம் பக்கத்தில் வயலுக்குக் காடு என்றுதானே பேர். காட்டுக்குள் எட்டுப் பாத்திகள். கடன் வாங்கிக் கழித்தல் ஒரு பாத்தி, கடிகாரம் பார்த்தல் ஒரு பாத்தி, பார்க்காமல் ஒரு வாக்கியம் எழுதுதல் ஒரு பாத்தி. வராத பாடம் காய்ந்த பாத்தி. அதை வெறுமையாக விட வேண்டும். யாராவது கூட இருந்தால் வரும் என்றால் நீலக் கோடுகள், தண்ணீர் பாய்ந்திருக்கிறது. தனியாகவே வந்துவிட்டால் பச்சை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் முழுவதும் இதுதான். பச்சை அடிப்பதற்கு முன், பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு முறை செய்து காட்ட வேண்டும். அதற்குப் பேர் பக்கத்துக் காட்டுக்காரர் சாட்சி. வராந்தாவில் நடக்கும்போது என் காதில் விழும்: “ஏண்டா, உன்ற காட்டுல ஒரு பாத்திகூட ஈரத்தைக் காணோம்?” “போடா, மதகு இன்னிக்குத்தான் தொறந்திருக்குது. அடுத்த வாரம் வந்து பாரு.” வாய்க்காலில் முறைத்தண்ணீருக்குக் காத்துக் கிடக்கும் அப்பன்மார்களின் பேச்சு, அப்படியே எட்டு வயதுப் பிள்ளைகளின் வாயில். எனக்குச் சிரிப்பு வந்தது உண்டு. வெளியில் காட்டியதில்லை.

சந்தை வீதியில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகள் ஷாஹினா முதல் நாளே எழுந்து நின்றாளாமே. “எங்களுக்குக் காடு இல்லீங்க டீச்சர். அத்தாவுக்குக் கடைதான்.” நீ உடனே சொன்னாயாம்: “அப்ப நீ அலமாரி வரைஞ்சுக்க அம்மிணி. எட்டுத் தட்டு. சரக்கு வர வர நிரப்பிக்க.” வகுப்பில் இருபத்தொரு காடும் ஓர் அலமாரியும் இருந்தன. இதை நீ வீட்டில் சொல்லிச் சிரித்தபோது, ஒரே வகுப்பில் இருவேறு படிவங்கள் இருக்கக் கூடாது என்று நான் சொன்னேன். நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

ஓணப் பரீட்சைக்கு முன்பு, மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று எல்லா வகுப்பு நோட்டுகளையும் என் மேசைக்கு வரவழைத்தேன். உன் வகுப்பு நோட்டுகளில் கடைசிப் பக்கம் பல இடங்களில் கசங்கியிருந்தது. பச்சை அடித்துப் பிறகு ரப்பரால் தேய்த்து அழித்த பாத்திகள். அழித்த இடத்தில் காய்ந்த பாத்தி. ஒரு பையனைக் கூப்பிட்டு, “யார் அழித்தது?” என்று கேட்டேன். “நாந்தானுங்க சார். போன வாரம் வந்துச்சுங்க. இப்ப மறந்துபோச்சுங்க. காஞ்சுபோச்சுன்னா அழிச்சரோணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க.”

அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இதற்கு மேல் ஒரு குழந்தை எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியும்? ஆனால் எனக்குக் கேட்டது ஒன்றுதான்: அழித்தல். பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தவறானால் ஒற்றைக் கோடு இழுத்து, கீழே இருப்பது தெரியும்படி விட்டு, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பமிட வேண்டும். அழித்த பதிவு பொய்ப் பதிவு. இருபத்தேழு ஆண்டுகளாக நான் படித்த, படிப்பித்த பாடம் இது.

விதி மட்டும் காரணம் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்ப் பதிவாகிவிடும். அன்று காலை நாலாம் வகுப்புத் தங்கவேல் மாஸ்டர், டீ தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: “தங்கச்சி வகுப்புன்னா சாருக்குக் கண்ணாடியே தேவைப்படாதாட்ட இருக்குதுங்க.” எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. நான் தலைமையாசிரியராகவும் நீ எனக்குக் கீழே ஆசிரியையாகவும் சேர்ந்த முதல் நாளே, கேட்டுக்கு உள்ளே என்னை அண்ணன் என்று அழைக்கக் கூடாது, சார் என்றுதான் அழைக்க வேண்டும் என்று சொன்னவன் நான். சலுகை என்ற சொல் என்மேல் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, மற்றவர்களிடம் ஒரு தடவை பார்த்ததை உன்னிடம் இரண்டு தடவை பார்த்தேன். நடுநிலை என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன். அது நடுநிலையா, பயமா?

மெமோவின் நகல் இப்போது என் முன்னால் இருக்கிறது. ‘மூன்றாம் வகுப்பு மாணவர்களின் கற்றல் பதிவுகள் இருபத்திரண்டில் பதினான்கில் அழித்தல் காணப்படுகிறது. மாணவர்களே பதிவு செய்வதும் அழிப்பதும் முறையன்று. இப்பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல. மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.’ மூன்று நாட்களை நீ எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்தாய்: ‘குழந்தைகள் மறந்துபோனதை மறந்துபோனதாகவே குறித்தார்கள். இனி அவ்வாறு நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.’ நான் அதை இரண்டு முறை படித்தேன். பிழை ஏதும் இல்லை. ‘விளக்கம் ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கோப்பில் சேர்த்தேன்.

அந்த இரண்டு வாக்கியங்களில் எவ்வளவு கசப்பு இருக்கிறது என்பதைப் படித்துப் பார்க்க எனக்கு ஓராண்டு தேவைப்பட்டிருக்கிறது. நன்றாகப் படித்தவன் என்று நம் ஊரில் எனக்குப் பேர்.

பிறகு கடைசிப் பக்கங்களைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போடச் சொன்னேன். போட்டார்கள். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் உன் வகுப்பிலிருந்து ஒரு குரல் கேட்டது: “இன்னிக்குக் காடு இல்லீங்களா டீச்சர்?” நீ என்ன பதில் சொன்னாய் என்று என் காதில் விழவில்லை. இன்றுவரை தெரியாது.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். நீ காப்பி கொண்டுவந்து வைத்து, “குடிங்க சார்” என்றாய். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். நானும் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டேன். மறுநாளும் சார்தான். தீபாவளிக்குப் புதுத்துணி வைத்துக் கொடுத்தபோதும் “நல்லாயிருக்குதுங்க சார்.” கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், சண்டை போட்டு முடித்திருக்கலாம். நீ சிரித்த முகத்தோடு சொன்னாய். விதியை நான் போட்டேன். நீ அதைக் கேட்டுக்கு வெளியேயும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாய். உன்மேல் எப்படிக் குறை சொல்வது?

கிறிஸ்துமஸ் லீவில் வயிற்றுவலி என்றாய். தைக்குள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அது புற்று என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை தோட்டத்தை விட்டு வர முடியாத நாட்களில் நான்தான் உன்னைப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றி, அங்கிருந்து கூட்டிப்போனேன். ஒவ்வொரு முறையும் டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொல்வார். நாங்கள் உன்னிடம் வந்து வேறொன்று சொல்வோம். “இந்த வாரம் முன்னேற்றம் தெரிகிறதாம்” என்று நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன். பதிவேட்டில் ஒரு புள்ளி தவறானால் தூக்கம் வராத நான்.

மாசிக் கடைசியில் ஒருநாள், உன்னைக் கட்டிலில் சாய்த்துவிட்டு ஆஸ்பத்திரிக் கோப்பைத் திருப்பினேன். பின் அட்டையின் உள்பக்கம் பென்சிலால் வரைந்த எட்டுப் பாத்திகள். உன் குண்டு குண்டான கையெழுத்து: படியேறுதல். சோறு இறங்குதல். தலை சீவுதல். உட்கார்ந்து குளித்தல். மற்றவற்றையும் நான் மறக்கவில்லை; எழுத முடியவில்லை. எட்டும் ஒரு காலத்தில் நிழலடித்து நிரப்பியவை. அதில் ஐந்து, தேய்த்து அழிக்கப்பட்டிருந்தன. அட்டை அந்த இடங்களில் நரைத்திருந்தது.

என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்: “யார் அழித்தது?”

நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: “நாந்தானுங்க சார்.”

அதற்குப் பிறகு நாங்கள் யாரும் உன்னிடம் முன்னேற்றம் என்ற பேச்சை எடுக்கவில்லை. எங்களில் ஒருவருக்கும் இல்லாத நேர்மை அந்த அட்டையில் இருந்தது. வேனல் லீவு தொடங்கி, பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு நீயும் போய்விட்டாய். கடைசிவரை ஒரு தடவையாவது ‘அண்ணா’ என்று வரும் எனக் காத்திருந்தேன். வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறேன்.

இனி, படிவத்தின் கதையைக் கேள்.

தங்கவேல் மாஸ்டர் நாலாம் வகுப்பின் இருபத்திரண்டு படிவங்களையும் ஒரே மத்தியானத்தில், ஒரே நீலப் பேனாவில் நிரப்பிவிட்டார். எல்லாம் ‘தெரியும்’. நடுநடுவே சில ‘உதவியுடன்’. ஏன் என்று கேட்டேன். “எல்லாத்துக்கும் தெரியும்னே போட்டா சந்தேகம் வருமுங்க சார். அதுக்குத்தான் அங்கங்க ஒண்ணு ரெண்டு தொட்டுவிட்டிருக்கறேன், ஊறுகாயாட்ட.” அவர் கெட்டவர் அல்லர். சுற்றிலும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார்.

இடையில் ஒருமுறை பார்வையிட வந்த அதிகாரி, அந்தக் கட்டைப் புரட்டி மகிழ்ந்துபோனார். “நல்ல வ்ருத்தி மாஷே! ஒரு வெட்டும் திருத்தும் இல்லல்லோ” என்று தாள்களின் சுத்தத்தை மலையாளத்தில் பாராட்டினார். வெட்டும் திருத்தும் இல்லாததுதான் குழந்தைகள் எழுதவில்லை என்பதற்குச் சான்று என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் என்ன, பெரிய யோக்கியனா? போன வருஷம் நானும் அந்த வ்ருத்தியைத்தானே கேட்டேன். வட்டாரத்துக்கே முன்மாதிரிப் பள்ளியாக நம் பள்ளியை எழுதி அனுப்பப் போவதாகச் சொன்னார். என் பங்குக்கு ஒரே ஒரு வரி: ‘இப்படிவங்களை மாணவர்களே நிரப்பினர் எனச் சான்றளிக்கிறேன்.’ அதன் கீழ் கையொப்பம்.

பேனாவைத் திறந்து வைத்திருந்தேன், சாந்தா. அதை மறைத்துப் பயனில்லை. திறந்துதான் வைத்திருந்தேன்.

அப்போது தங்கவேல் மாஸ்டர் ஒரு சிறுமியைத் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். “பாருங்க சார் இவ பண்ணின வேலையை. பேர் சரிபார்க்கக் குடுத்தா, ஆபீஸ் ஃபாரத்துல ஓட்டை போட்டு வெச்சிருக்கறா.” ஷாஹினா. நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இரண்டு பல் முளைத்திருக்கிறது. வகுத்தல் என்ற வரிக்கு நேரே, ‘தெரியும்’ கட்டத்தில் இருந்த நீலக் குறியை ரப்பரில் எச்சில் தொட்டுத் தேய்த்திருக்கிறாள். மை போகவில்லை. தாள் போய்விட்டது. ஓட்டை வழியாக என் மேசைக் கண்ணாடி தெரிந்தது.

“யார் அழித்தது?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் குரலே எனக்குக் கேட்டது.

“நாந்தான் சார்” என்றாள். அழவில்லை. “எனக்கு மீதி வர்ற வகுத்தல் வராது சார். மாஸ்டர் வரும்னு போட்டிருக்காங்க. வராததை வரும்னு எழுதிட்டா அப்புறம் எனக்கு யாரு சார் சொல்லித் தருவாங்க?”

இந்தக் கேள்விக்கு எந்தச் சுற்றறிக்கையில் பதில் இருக்கிறது?

கணக்கு நோட்டை எடுத்துவரச் சொன்னேன். கடைசிப் பக்கத்தில் எட்டுத் தட்டு அலமாரி இருந்தது. நீ சொல்லி அவள் வரைந்த முதல் அலமாரியை நான் கிழிக்க வைத்தேன் அல்லவா. அதற்குப் பிறகு எந்த நோட்டு தீர்ந்து எந்த நோட்டு வாங்கினாலும் கடைசிப் பக்கத்தில் வரைந்துகொண்டிருக்கிறாள். யாரும் சொல்லாமல், யாருக்கும் காட்டாமல். மூன்று தட்டுகள் நிறைந்திருந்தன. ஒன்று பாதி. இரண்டு, நிரப்பி அழித்தவை. “இது எதுக்கு அழிச்சே?” என்றேன். “சரக்குத் தீந்துபோச்சு சார். மறுபடி வாங்கணும்.”

பேனாவை மூடிவிட்டேன்.

மறுநாள் உன் மெமோவைத் திரும்பப் பெற வேண்டும் என்று மேலிட அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் மரியாதையாகத்தான் சொன்னார்: “அது ஒண்ணும் செய்ய முடியாதுங்க மாஷே. ஆள் மரிச்சாச்சு, ஃபைல் குளோஸ் ஆயாச்சு. திரும்ப வாங்கணும்னா கைப்பற்றினேன்னு அவங்க ஒப்பு வேணும்.” பெற்றுக்கொண்டதாக உன் கையொப்பம் வேண்டுமாம். விதி சரிதான். நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நெடுநேரம் நின்றேன். நான் ஏற வேண்டிய கொழிஞ்சாம்பாறை பஸ் இரண்டு போய்விட்டன.

ஆக, உன் பேருக்கு எதிரே ‘நம்பத்தக்கவை அல்ல’ என்பது நிரந்தரமாக நிற்கும். இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. குழந்தைகளே தங்கள் படிப்பைக் கண்காணிக்கும் முறையை இந்தப் பள்ளியில் நீதான் முதலில் நடத்தினாய் என்பதற்கு இன்று வேறு ஆதாரமே இல்லை. பக்கங்களைக் கிழித்தாகிவிட்டது. நீ இல்லை. எஞ்சியிருப்பது அந்த மெமோ ஒன்றுதான். எத்தனை நோட்டு, எத்தனையில் அழித்தல் என்று நான் எண்ணி எழுதிய துல்லியம்தான் உனக்குச் சாட்சி. பக்கத்துக் காட்டுக்காரர் சாட்சி.

போன வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், நாலாம் வகுப்புக்கு நானே போனேன். புதுப் படிவங்களும் பென்சிலும் ரப்பரும் கொடுத்தேன். தெரியாததைத் தெரியாது என்று குறித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் ‘தெரியும்’ போட்டார்கள். ஷாஹினா ஒருத்திதான் தேய்க்கத் தொடங்கினாள். அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்துப் பெஞ்சில் ஒருவன் தேய்த்தான். பிறகு இன்னொருத்தி. பீரியட் முடியும்போது படிவங்கள் கன்னங்கரேலென்று அழுக்காக இருந்தன. பாதிக்கு மேல் காய்ந்த பாத்தி.

இதைச் சொன்னதும் தொலைபேசியில் அதிகாரி சலித்துக்கொண்டார்: “எந்தினா மாஷே இதெல்லாம்? ஒரு ஒப்பு மதியல்லோ.” ஒரு கையொப்பம் போதுமாம். என் கையொப்பத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது உனக்கு மெமோ கொடுத்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் தெரிகிறது.

திங்கட்கிழமை அதிகாரிகள் படிவக் கட்டை வாங்க வருகிறார்கள். நீலப் பேனாக் கட்டுக்கு நான் சான்றளிக்க மாட்டேன். அழுக்குப் படிவங்களைத்தான் கொடுப்பேன். மெமோவின் நகலில் ‘நம்பத்தக்கவை அல்ல’ என்பதன் கடைசிச் சொல்லின்மேல் ஒற்றைக் கோடு இழுத்திருக்கிறேன், கீழே இருப்பது தெரிகிறது, சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். அதிகாரபூர்வமாக அது செல்லாது. செல்லாத அந்தத் தாளையும் சேர்த்தே வைப்பேன். முன்மாதிரிப் பட்டம் போகும். தங்கவேல் மாஸ்டர் என்னோடு பேசமாட்டார். எனக்கும் ஒரு மெமோ வரலாம். வந்தால் மூன்று நாள் எடுத்துக்கொள்ளாமல், உன்னைப்போல் நின்றபடியே பதில் எழுதுவேன்.

இதனால் நீ திரும்பி வரப்போவதில்லை. நான் நல்லவனாகிவிடப் போவதும் இல்லை. ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன்: நான் அந்த நாற்காலியில் இருக்கும்வரை, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நம் பள்ளியில் ரப்பர் சத்தம் கேட்கும். திங்கட்கிழமை கொடுக்கும் கட்டில், எல்லாவற்றுக்கும் மேலே, முதல் தாளாக, அந்த ஓட்டை விழுந்த படிவத்தை வைப்பேன். யார் அழித்தது என்று அவர்கள் கேட்டால் பதிலை நானே சொல்வேன்; அந்தச் சிறுமியைக் கூப்பிட மாட்டேன்.

கேட்டுக்கு உள்ளேயும்,
உன் அண்ணன்